பச்சைப்பயறு, பால்ரஸ், ஒரு பழைய வூஃபர்

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்குப் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு வந்தவள், வந்த இரண்டாம் நாளே இயற்பியல் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. வாயுவின் அடர்த்தியை மூலக்கூறு வேகத்தின் இருமடியால் பெருக்கி மூன்றால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும் என்று ஒரு சமன்பாடு.

"மூலக்கூறு சுவரில் முட்டுகிறது, அதனால் அழுத்தம் வருகிறது. சரி, சித்தப்பா. வேகம் இரண்டு மடங்கானால் முட்டு இரண்டு மடங்கு பலமாக விழும். அதுவும் சரி. அழுத்தம் மட்டும் ஏன் நான்கு மடங்காகிறது?"

வருவித்து எழுதச் சொன்னேன். பிசகில்லாமல் எழுதிக் காட்டினாள். எழுதி முடித்த பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நான் நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறவன். தாளில் நிரூபித்ததைவிடக் கண்ணெதிரே ஓடுவதைத்தான் நானும் நம்புவேன். இரண்டு பேருமாக ஒரு கருவி செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மூன்று நாள் வேலை என்று கணக்குப் போட்டேன். விடுமுறை முழுவதும் போய், அதன்பின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

முதல் சோதனைக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. சமையலறை மின்தராசு, ஒரு கிலோ பச்சைப்பயறு, அடிப்பகுதியை வெட்டிய தண்ணீர் பாட்டில். பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் அதுவே புனல். தராசின் மீது அப்படியே பயற்றைக் கொட்டினால் பயற்றின் எடை ஏறிக்கொண்டே போகும். முட்டுகளின் விசை அதற்குள் அமுங்கிவிடும். அதனால் தராசின் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் எடையைச் சுழியாக்கிவிட்டு, விழுந்த பயறு துள்ளி வெளியே ஓடிவிடும்படி செய்தோம். சுற்றிலும் பெரிய தாம்பாளம். தாம்பாளத்தையும் தாண்டி ஓடிய பயறு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போயிற்று. இதைப் பற்றி வீட்டில் எழுந்த பேச்சை இங்கே எழுதப் போவதில்லை.

பாட்டில் வாயிலிருந்து கிண்ணத்துக்கு 30 செ.மீ. உயரம். ஒரு கிலோவும் இறங்கி முடிய 21 விநாடி. அந்த 21 விநாடியும் தராசு 15-க்கும் 18-க்கும் இடையே ஆடிக்கொண்டே நின்றது. கிண்ணத்தின் மேல் எதுவும் தங்கவில்லை. ஆனாலும் யாரோ 16 கிராம் எடைக்கல்லை வைத்ததுபோலக் காட்டியது. கணக்கும் ஒத்துவந்தது. 30 செ.மீ. விழுந்த பொருளின் வேகம் விநாடிக்கு சுமார் 2.4 மீட்டர். விநாடிக்கு 48 கிராம் பயறு அந்த வேகத்தை இழந்து நின்றால் மட்டும் 12 கிராம் எடைக்குச் சமமான விசை வரும். பயறு நின்றுவிடாமல் கொஞ்சம் எகிறவும் செய்கிறது. கீழ்நோக்கி வந்த உந்தத்தை அழித்து, மேல்நோக்கியும் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கிறது. மீதி நாலைந்து கிராம் அதற்கான விலை.

நூறு பயற்றை எண்ணி நிறுத்தாள்: 4 கிராம். ஒரு கிலோவுக்கு 25,000 பயறு, விநாடிக்கு ஏறக்குறைய 1,200 முட்டுகள். இரண்டு விரலால் ஒவ்வொன்றாகப் போட்டபோது தராசு ஒன்றுமே காட்டவில்லை, அல்லது திடீரென்று 1 காட்டிவிட்டு மறைந்தது. ஆயிரத்துக்கு மேல் சேர்ந்ததும் தனித்தனி அடிகள் கரைந்து ஒரே அழுத்தலாகிவிட்டன. சைக்கிள் டயருக்குள் காற்று தட்டித் தட்டி அடிப்பதாக நமக்கு ஏன் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

இனி வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். உயரத்தை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகும். ஸ்டூல் மேல் ஏறி நின்று 120 செ.மீ.யிலிருந்து கொட்டினேன். தராசு காட்டியது 29 முதல் 33. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. காற்றுத் தடையும் கிண்ணத்தைத் தவறிய பயறும் அதற்குப் பொறுப்பு. நான்கு மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பாருங்கள், நான் சொன்னதுதான் சரி. புத்தகம் தப்பு" என்றாள். ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். சோதனையில் தவறில்லை. தவறு, அது டப்பாவில் அடைத்த வாயு இல்லை என்பதில் இருந்தது. பாட்டிலின் வாய் விநாடிக்கு 1,200 பயறு என்ற கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. எவ்வளவு உயரத்தில் பிடித்தாலும் முட்டுகளின் எண்ணிக்கை மாறாது. ஒவ்வொரு முட்டின் பலம் மட்டும் கூடும். மூடிய டப்பாவுக்குள் அடைபட்ட மூலக்கூறின் கதை வேறு. அது ஒரு சுவரில் முட்டி, எதிர்ச்சுவருக்குப் போய், திரும்பி வந்து மறுபடி முட்ட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பாதி நேரத்தில் திரும்பி வந்துவிடும். அடியும் இரண்டு மடங்கு பலம், அடிக்கிற தடவையும் இரண்டு மடங்கு. ஒரு வேகம் அடியின் பலத்திலிருந்து, இன்னொரு வேகம் திரும்பி வரும் அவசரத்திலிருந்து.

டேபிள் டென்னிஸ் பந்தை எடுத்து வந்தாள். தரைக்கும் மட்டைக்கும் நடுவே அதைத் துள்ளவிட்டு, மட்டையைத் தரையை நோக்கி இறக்கினாள். டக்... டக்... டக் என்றிருந்தது டகடகவென்று மாறியது. இடத்தைக் குறைத்தால் தடவை கூடும் என்பதை அது காட்டியது. வெப்பநிலை மாறாதபோது வாயுவின் இடம் பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்காகும் என்கிற பாயில் விதியின் உயிர் அதில்தான் இருக்கிறது. வேகத்தின் இருமடி இன்னும் பாக்கி.

அதற்குத்தான் குழாய். பந்துகளை ஒரு கண்ணாடி போன்ற குழாயில் அடைத்து, அடியிலிருந்து உதைத்துக்கொண்டே இருந்து, மேலே ஓர் இலேசான மூடியை அவற்றைத் தாங்கவைப்பது. புதிய யோசனை இல்லை. சுவிட்சர்லாந்தின் டேனியல் பெர்னோலி 1738-இல் அச்சிட்ட நீரியக்க நூலில் இதே படத்தைப் போட்டிருக்கிறார்: நிற்கும் உருளை, உள்ளே அங்குமிங்கும் பறக்கும் துகள்கள், மேலே எடை வைத்த பிஸ்டன். வேகம் கூடினால் அடிகளின் எண்ணிக்கையும் பலமும் சேர்ந்து கூடும், அதனால் அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும் என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். நூறு ஆண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடியிலிருந்து உதைக்க, உக்கடத்துப் பழைய பொருள் கடையில் ஆறரை அங்குல வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கி, ஒன்று கிடைத்தது. ஏதோ ஹோம் தியேட்டரிலிருந்து கழற்றியது. கூம்பில் கிழிசல் இல்லை, விரலால் அமுக்கினால் உரசல் இல்லை. அந்த இரண்டையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதை வானம் பார்க்கப் பலகைப் பெட்டியில் பொருத்தினேன். கூம்பின் நடுவில் ஓர் அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டை அரால்டைட் போட்டு நிறுத்தி, அதன் தலையில் 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டிய வட்டத்தை ஒட்டினேன். அதைச் சுற்றி, அதைத் தொடாமல், 7 செ.மீ. உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாய். அதைத் தாங்கத் தனிச் சட்டம். வட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஒலி கொடுக்கச் சிறிய ஆம்ப்ளிஃபையர் பலகை, 12 வோல்ட் அடாப்டர், சைன் அலை (ஒரே அளவில் சீராக ஆடும் ஒலி) எழுப்பும் செயலியுடன் கைபேசி. அலைவெண்ணை மெதுவாக மாற்றிப் பார்த்ததில் 32 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 32 ஆட்டத்தில், கூம்பு நன்றாக ஆடியது.

முதலில் வட்டத்தை அக்ரிலிக்கில்தான் செய்தேன். இரண்டாம் நாள் விரிசல் விட்டது. அலுமினியத்துக்கு மாறிய பின் தொல்லை இல்லை.

உள்ளே எதைப் போடுவது? முதலில் தெர்மாகோல் மணிகள். ஐந்து நிமிடத்தில் எல்லாம் குழாயின் சுவரில் அப்பிக்கொண்டன. உரசலில் ஏறிய நிலைமின்னூட்டம். அடுத்து ஜவ்வரிசி. கொஞ்ச நேரம் அழகாகக் குதித்தது, பிறகு மாவாக உதிர்ந்து குழாயை மூடுபனியாக்கியது. கடைசியில் சைக்கிள் கடைக்குப் போய் அரைக்கால் அங்குலப் பால்ரஸ் ஒரு குரோஸ் வாங்கினேன். குரோஸ் என்றால் 144. ஃப்ரீவீலுக்குள் போடுகிற அந்தச் சிறிய எஃகுக் குண்டு ஒன்று 0.13 கிராம். வாங்கி வந்ததும் எண்ணெய்ப் பசையோடு அப்படியே போட்டுவிடக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோம்பேறியாகக் கிடக்கும். சோப்புத்தூள் நீரில் கழுவி, துணியில் துடைத்து, வெயிலில் காயவைத்த பிறகு துள்ளலே வேறு மாதிரி இருந்தது. சத்தமும்தான். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை.

மேலே வைக்கும் தட்டுக்கு ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியை வட்டமாக வெட்டினோம். குழாய்க்குள் உரசாமல் வழுக்கி ஏறி இறங்கும் அளவு. அறுபது குண்டுகள், மேலே தட்டு, ஒலியைக் கூட்டினேன். தட்டு மெல்ல எழும்பி 12 செ.மீ.யில் மிதந்தது! இருவரும் கைதட்டினோம். படம் எடுத்து அண்ணனுக்கும் அனுப்பிவிட்டோம்.

ஆலையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாற்றம் பலன் கொடுத்தால், அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். குண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் குழாயில் தட்டை வைத்து ஓட்டினேன். தட்டு 8 செ.மீ.யில் மிதந்தது.

அவள் முகம் விழுந்துவிட்டது. என் முகத்தைப் பற்றி அவளைத்தான் கேட்க வேண்டும். நடந்தது என்னவென்றால், ஆடுகிற கூம்பு குழாய்க்குள் இருந்த காற்றையே அமுக்கி இழுத்துக்கொண்டிருந்தது. வாயுவுக்கு மாதிரி செய்யப் போய், உண்மையான வாயு உள்ளே புகுந்து எங்கள் பொம்மை மூலக்கூறுகளின் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது.

காற்று தாராளமாகத் தட்டைக் கடந்து போக வேண்டும், குண்டு கடக்கக் கூடாது. மூடியில் ஆறு துளை போட்டோம், போதவில்லை. கொசுவலையை வளையத்தில் இழுத்துக் கட்டினோம். காற்று போயிற்று, ஆனால் வலை தொளதொளவென்று அடியை எல்லாம் விழுங்கிக்கொண்டது. வழி காட்டியது காபி ஃபில்டர். தூளை அமுக்க உள்ளே வைக்கும் காம்பு வைத்த துளைத்தட்டு இருக்கிறதே, அதே அமைப்பு. எவர்சில்வர் தட்டு எங்களுக்கு அதிக எடை. அதனால் இன்னொரு ஐஸ்கிரீம் மூடியில், சூடாக்கிய கம்பியால், இரண்டரை மி.மீ. அளவில் நூற்றைம்பதுக்கு மேல் துளை போட்டாள். ஒரு பிற்பகல் முழுக்க அதற்கே போயிற்று. கூடம் பிளாஸ்டிக் புகை நாற்றம். வெறும் குழாயில் அந்தச் சல்லடைத் தட்டு நடுங்கியதே தவிர எழும்பவில்லை. அண்ணனுக்கு அனுப்பிய படத்துக்கு ஒரு திருத்தமும் அனுப்பினோம்.

இனிதான் அளவு. அலைவின் வீச்சை, குழாயோரம் ஒட்டிய அளவுகோலோடு கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்துப் பார்த்தோம்: நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 4 மி.மீ. தட்டின் மேல் மெல்லிய வாஷர்களை ஒட்டி எடையைக் கூட்டி, ஒவ்வொரு எடைக்கும் தட்டு சராசரியாக எங்கே நிற்கிறது என்று குறித்தாள். 2.6 கிராமுக்கு 9.5 செ.மீ., 5.1 கிராமுக்கு 6.3, 7.6 கிராமுக்கு 5.4, 10.2 கிராமுக்கு 4.1. தட்டு ஆடிக்கொண்டே இருப்பதால் இவற்றில் அரை செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம்.

பாயில் விதிப்படி எடையும் உயரமும் சேர்ந்த பெருக்கற்பலன் மாறாமல் இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 25, 32, 41, 42. மறுபடியும் தோல்வியா என்று தேநீர் குடித்துக்கொண்டே தாளைப் பார்த்தோம். குற்றவாளி தாளிலேயே இல்லை. அறுபது குண்டுகளின் எடை 8 கிராம். தட்டைவிட வாயு கனம்! குழாயின் அடியில் அழுத்தம் தட்டையும் குண்டுகளையும் சேர்த்துத் தாங்குகிறது, உச்சியில் தட்டை மட்டும் தாங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் தட்டின் எடையோடு குண்டுகளின் எடையில் பாதியைச் சேர்க்க வேண்டும். நான்கு கிராமைச் சேர்த்துப் பெருக்கினோம்: 63, 57, 63, 58. கைவேலைக் கருவிக்கு இதற்கு மேல் கேட்பது பேராசை.

நிஜக் காற்றுக்கு இந்தத் திருத்தம் ஏன் தேவைப்படுவதில்லை என்று கேட்டாள். மூன்று மீட்டர் உயர அறையில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் காற்று மூன்றரை கிலோ. அதே சதுர மீட்டரை வளிமண்டலம் அமுக்குவது பத்து டன்னுக்கு மேல். மூன்றரை கிலோவை யார் கண்டுகொள்வார்கள்?

பிறகு அவளுடைய கேள்வி. ஒலியைக் குறைத்து வீச்சை 4 மி.மீ.யிலிருந்து 2.8 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். அலைவெண் அதே 32 என்பதால் தகட்டின் வேகமும், அதனிடம் உதை வாங்கும் குண்டுகளின் வேகமும் அதே விகிதத்தில், அதாவது பத்தில் ஏழாகக் குறைய வேண்டும். அழுத்தம் வேகத்தை மட்டும் பின்பற்றினால் தட்டு 9.5-இலிருந்து 6.7 செ.மீ.க்கு இறங்கும். இருமடியைப் பின்பற்றினால் பாதிக்கு, 4.7 செ.மீ.க்கு வர வேண்டும். நின்றது 5-க்குச் சற்றுக் கீழே. மூன்று முறை திருப்பிப் பார்த்தாள், என்னைக் கைவைக்க விடவில்லை. மூன்று முறையும் 4.6-க்கும் 5.1-க்கும் இடையில். அதற்குப் பிறகு அவள் அந்தச் சமன்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

குண்டுகளை இரண்டு மடங்காக்கியபோது மட்டும் கருவி எங்களைக் கைவிட்டது. 120 குண்டு போட்டால், அவற்றின் எடையையும் கணக்கில் சேர்த்த பின், தட்டு 11 செ.மீ.க்கு மேல் போக வேண்டும், 7-ஐத் தாண்டவில்லை. மீதமிருந்த 24-ஐயும் போட்டதும் கீழே ஒரு கூட்டம் மணல்போல் நடுங்க, நாலைந்து மட்டும் மேலே பறந்தன. எஃகுக் குண்டுகள் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஆற்றலை ஒலியாகவும் வெப்பமாகவும் தொலைக்கின்றன. நெரிசல் கூடக்கூட இழப்பும் கூடுகிறது. சுவிட்சை அணைத்தால் ஒரு நொடியில் எல்லாம் அடியில் கிடக்கும். காற்று மூலக்கூறுகளுக்கு அப்படித் தொலைக்க வேறு இடம் இல்லை. வெப்பம் என்பதே அவற்றின் ஓட்டம்தான். அடைத்து வைத்த டயரின் காற்றை யாரும் உதைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நிஜக் காற்றுக்கு அவளையே எண் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று 1.16 கிலோ. மூலக்கூறுகளின் சராசரி இருமடிமூல வேகம் (வேகங்களின் இருமடிகளைச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டது) விநாடிக்கு சுமார் 510 மீட்டர். இருமடியாக்கி, பெருக்கி, மூன்றால் வகுத்தால் ஒரு லட்சம் பாஸ்கல். அதுதான் வளிமண்டல அழுத்தம். நம் தோலின் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் விநாடிக்கு விழும் முட்டுகளை எழுத 28 போட்டு அதன்பின் 22 சுழி போட வேண்டும். எங்கள் பயறு 1,200.

இந்த வேக இருமடியையும் வெப்பநிலையையும் சேர்த்து ஒரு முழுக் கட்டுரையாக 1845-இல் எழுதியவர் அப்போது பம்பாயில் இருந்தார் என்று அவளிடம் சொன்னபோது நம்பவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். மதிப்பிட்டவர் வெற்று உளறல் என்று ஒதுக்கிவிட்டார். கைப்படி எழுதி வைத்துக்கொள்ளாததால் அவருக்கு அது திரும்பக் கிடைக்கவும் இல்லை. இயற்பியலாளர் ராலே பிரபு 1891-இல் ஆவணக் காப்பகத்தில் அதைத் தேடி எடுத்து மறு ஆண்டு அச்சிட்டார். வாட்டர்ஸ்டன், ராலே அதைக் கண்டெடுப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1883-இல், எடின்பரோவில் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. இயற்பியலாளர்களான கிளாசியஸும் மேக்ஸ்வெல்லும் இதற்கிடையே அதே வழியைத் தாங்களாகக் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: வூஃபரை இரண்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பாட்டு ஏறி இறங்கும்; சைன் அலை ஓயாமல் ஒரே அளவில் சூடேற்றும். எங்களுடையதில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகும் வாசனை வந்தபின்தான் எனக்கு இது உறைத்தது. நல்லவேளை, தப்பித்தது. காதில் பஞ்சும் வைத்துக்கொள்ளலாம்.

போன ஞாயிறு, கனமான மூலக்கூறும் இலேசான மூலக்கூறும் கலந்தால் எது மெதுவாக ஓடும் என்று பார்க்க வேண்டும் என்றாள். பின்சக்கரத்துக்குப் போடுகிற கால் அங்குலப் பால்ரஸ் பத்தை நடுவே போட்டோம். ஒன்று சிறிய குண்டு எட்டுக்குச் சமம். அவை சோம்பலாகத் தாழ்வாகவே குதித்தன. அதுவரை நன்றாக இருந்தது. நாற்பதாவது விநாடியில் ஒன்று சல்லடைத் தட்டைப் பிளந்துகொண்டு மேலே போய் விழுந்தது. இன்னொரு ஐஸ்கிரீம் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீமைத் தீர்க்க அவள் வர வேண்டும்.